மாசிக் கிரகணமும் ஒரு மீன் குஞ்சும்

1

இன்று அக்காவுக்கு முதல் திவசம். குத்தாலத்தில் அவள் மகன் வீட்டில் காரியம் நடக்கிறது. என் மனைவி தையல்நாயகி போன வாரமே விமானம் ஏறிவிட்டாள். என் இருதயத்தில் சின்னக் குழாய் ஒன்று வைத்திருக்கிறார்கள். நீண்ட பயணம் வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நான் போகவில்லை.

தெற்கு ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழக ஊர். மூன்றாவது மாடி. காலையில் குளித்துவிட்டு, இலை கிடைக்காததால் ஒரு பீங்கான் தட்டில் சோறும் பருப்பும் வைத்து பால்கனிக்குக் கொண்டுபோனேன். பறவைகளுக்குத் தீனி போடக்கூடாது என்று கட்டடத்தின் வாசலில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. கீழ்வீட்டு அம்மாள் பூத்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே அண்ணாந்து பார்த்தார். வணக்கம் சொல்லிவிட்டுத் தட்டை உள்ளே எடுத்து வந்துவிட்டேன். அதை நானே சாப்பிட்டேன்.

அக்கா எனக்கு மாமியாரும்கூட. தையல்நாயகி அவளுடைய மகள். நம் பக்கத்தில் இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. அம்மா போன பிறகு அக்காதான் என்னை வளர்த்தாள். எனக்கென்றே பெண் பெற்றிருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சொன்னபடி கட்டிவைத்தாள். தையு சின்ன வயதில் என்னை மாமா என்று கூப்பிட்டாள். கல்யாணத்துக்குப் பிறகும் அதுவே நிலைத்துவிட்டது.

இந்த ஊரில் இருபது வருடங்களாக இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. தையுவிடம் சொல்லியிருக்க வேண்டிய வேறொன்றையும் வெகுகாலம் சொல்லவில்லை. "இதையெல்லாம் எழுதட்டுமா?" என்று அவள் கிளம்பும்போது கேட்டேன். பெட்டியைப் பூட்டிக்கொண்டே, "அம்மாதான் போயாச்சே. இனிமே யாருக்குத் தெரிஞ்சா என்ன?" என்றாள்.

2

எண்பதாம் ஆண்டு மாசியில் பெரிய சூரிய கிரகணம் வந்தது. நான் அப்போது தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் விலங்கியல் விரிவுரையாளர். தெருவில் ஒரு சைக்கிள் கிடையாது. கீழவீதியே ஊரடங்கு போட்டாற்போல் கிடந்தது. தையு ஐந்து மாதம். அக்கா குத்தாலத்திலிருந்து இரண்டு நாள் முன்பே வந்து, கதவு ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டி, எதையும் நறுக்காதே, மடக்காதே, நிமிர்ந்து படு என்று அவளைக் கூடத்தின் நடுவில் கிடத்திவைத்திருந்தாள். நான் ஒரு மூலையில் விடைத்தாள் திருத்திக்கொண்டு சிரித்தேன்.

எங்கள் மூத்த பெண் கல்பனாவுக்கு எட்டு வயது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கொல்லையில் ஒரு தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் வைத்து, அதில் சூரியனின் நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் யாருக்கும் தெரியாமல் ஓடிவிட்டாள். சத்தம் கேட்டுத் தையு எழுந்து கொல்லைக்கு ஓடி, அவளைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். அவ்வளவுதான் நடந்தது.

ஆனியில் பிள்ளை பிறந்தான். கை, கால், விரல் எல்லாம் கச்சிதம். கழுத்துதான் இல்லை. உடம்பை மேலும் கீழும் வைத்து அமுக்கினாற்போல் இருந்தது. மருத்துவர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். தனித்தனியாக இருக்க வேண்டிய விலா எலும்புகள் ஓரிடத்தில் ஒட்டி, நண்டுக் கால்போல் விரிந்திருந்தன. முதுகெலும்பில் ஒரு கணுவும் முழுசாக இல்லை. மூச்சு விரிய நெஞ்சில் இடமில்லை என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சொந்தத்துல கட்டினீங்களா சார்?" என்று கேட்டார்.

"தூரத்து சொந்தம் டாக்டர்."

அவர் மேலே கேட்கவில்லை. ஏன் அப்படிச் சொன்னேன் என்று அப்போது யோசிக்கவில்லை. கல்லூரியில் மரபியல் பாடம் எடுப்பவன் நான். அவர் எதற்குக் கேட்கிறார் என்பது வாய் திறக்கும் முன்பே புரிந்துவிட்டது.

வார்டில் அக்கா அழுதுகொண்டே மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"படிச்சுப் படிச்சு சொன்னேனேடி. வெளிய வராதே வராதேன்னு. வந்தியே. அந்தக் குட்டி ஓடுனா ஓடட்டும்னு விட வேண்டியதுதானே? இப்ப பாரு, எங்கப்பன் எலும்பு எலும்பா நொறுங்கிக் கெடக்கான்."

தையு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கல்பனா கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் ஃபிளாஸ்கில் வெந்நீருடன் வாசலில் நின்றேன். "சும்மா இரு அக்கா" என்று மட்டும் சொன்னேன். கிரகணம் இல்லை என்று சொல்லவில்லை. சொன்னால், பின்னே எதனால் என்று கேட்பார்கள்.

பிள்ளை ஒரு வாரம்கூட இருக்கவில்லை. வெண்ணாற்றில் மேட்டூர்த் தண்ணீர் புதிதாக வந்திருந்தது. கரையில் ஒரு புன்னை மரத்தின் பக்கம் அடக்கம் செய்தோம்.

3

நான் இங்கே வந்தது எண்பதுகளின் நடுவில், ஓர் உதவித்தொகையில். ஒரு வருடம் என்று வந்தது அப்படியே நீண்டது. விசாவைப் புதுப்பிக்க வெளிநாட்டவர் அலுவலகத்தில் விடியற்காலையில் வரிசையில் நிற்பது, அவர்கள் இல்லாத ஒரு சான்றிதழைக் கேட்பது, அதை வாங்க, நான் பிறந்த கும்பகோணத்து நகராட்சிக்கு எழுதுவது என்றே முதல் சில வருடங்கள் போயின. தொண்ணூறுகளில் எங்கள் ஆய்வகம் முழுசாக ஒரு சின்ன மீனுக்கு மாறியது. விரல் நீளம், உடம்பில் நீலக் கோடு. நம் நாட்டு ஓடை மீன்தான். அக்காவுக்குப் போனில் சொன்னபோது, "மீனு குஞ்சு பொரிக்கிறதப் பாக்கவா அம்மாந்தூரம் போனே? நம்ம கொளத்துல பாத்தா ஆகாதா?" என்று கேட்டாள்.

அந்த மீனின் கரு கண்ணாடிபோல் இருக்கும். உள்ளே நடப்பதெல்லாம் தெரியும். கருவான அன்றே தலைப்பக்கத்திலிருந்து உடம்பு துண்டு துண்டாக வகுபட ஆரம்பிக்கும். அரை மணிக்கு ஒரு ஜோடி. ஒரு வரிசை நின்ற பிறகுதான் அடுத்தது. நடவாட்கள் குனிந்தபடி பின்னால் நகர நகர, முன்னால் நாற்று வரிசை நிற்குமே, அப்படி வால் பக்கம் பின்வாங்கிக்கொண்டே போக, வரிசைகள் நின்றுகொண்டே வரும். மீனுக்கும் நமக்கும் முதுகெலும்பின் கணுக்கள் இந்த வரிசையிலிருந்துதான் வருகின்றன.

மரபணு ஒன்றில் பழுது இருந்தால் இந்த வரிசை கலைந்துவிடும். முதல் சில வரிசைகள் சரியாக நிற்கும். அதற்கப்புறம் வரப்பு அழிந்த வயல்தான். என் வேலை அப்படிப்பட்ட பழுதுகளைத் தேடுவது. ஒவ்வொரு மரபணுவும் தாய் வழி ஒன்று, தகப்பன் வழி ஒன்று என்று இரண்டு பிரதியாக இருக்கும். பழுதான பிரதி ஒன்றும் நல்ல பிரதி ஒன்றும் உள்ள மீன் வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும். ஒரு குறையும் தெரியாது. தெரியவைக்க ஒரே வழி, ஒரு தாய்க்கும் தகப்பனுக்கும் பிறந்ததுகளையே தங்களுக்குள் இணைய விடுவது. இரண்டு பக்கமும் அதே பழுது இருந்தால், குஞ்சுகளில் நாலில் ஒரு பங்கு குலைந்து வரும். மாலையில் ஒரு பெட்டியில் ஆணையும் பெண்ணையும் நடுவில் தடுப்பு வைத்து விடுவேன். காலையில் தடுப்பை எடுப்பேன். பல வருடங்கள் அதுதான் என் உத்தியோகம்.

ஒருமுறை மருத்துவமனையிலிருந்து ஒருவர் எங்களுக்கு உரையாற்ற வந்தார். உறவில் மணம் முடிக்கும் குடும்பங்களில் பிறந்த குழந்தைகளின் எக்ஸ்ரேக்களைத் திரையில் போட்டார். நண்டுக் கால்போல் விரிந்த விலா. முடிந்ததும் ஒரு மாணவி என்னிடம் திரும்பி, "உங்கள் பகுதியிலும் இந்த வழக்கம் உண்டா?" என்று ஆர்வமாகக் கேட்டாள்.

"கிராமங்களில் எங்கோ உண்டு என்று கேள்வி" என்றேன்.

தையு அந்தக் காலத்தில் மாலை வகுப்பில் ஜெர்மன் படித்தாள். குடும்ப மரம் வரைந்து வரச் சொன்னார்கள். உள்ளதை உள்ளபடி வரைந்தாள். அம்மாவின் தம்பி என்று போட்ட இடத்திலிருந்து ஒரு கோடு இழுத்து, கணவன் என்று எழுதியிருந்தாள். ஆசிரியை, பாவம், சொற்களை மாற்றிப் போட்டுவிட்டாள் என்று நினைத்து, சிவப்பு மையில் கோட்டை அடித்து, என்னைத் தனியாக ஒரு மூலையில் வரைந்து கொடுத்தார்.

"நான் சரியாத்தான மாமா போட்டேன்?" என்று வந்து கேட்டாள்.

"அவங்க போட்டதே இருக்கட்டும்" என்றேன்.

ஒரு சனிக்கிழமை கடைக்குப் போகும் வழியில் அவளை ஆய்வகத்துக்குக் கூட்டிப்போனேன். நுண்நோக்கியில் ஒரு நல்ல கருவை வைத்துக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள்.

"ஐய, கோரைப்பாய் பின்னுனாப்ல இருக்கு மாமா. வரி வரியா. எவ்ளோ அழகா இருக்கு!"

அடுத்த கிண்ணத்தை வைத்தேன்.

"இது ஏன் இப்படி? வரியே இல்ல. கொழகொழன்னு..." என்றவள், கண்ணை எடுக்காமலே, "இதோட அம்மா கிரகணத்துல வெளிய வந்துடுச்சா?" என்றாள்.

நான் சிரித்தேன். அவள் முகத்தை நிமிர்த்தியபோது அவள் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துப் பிறகு அவளும் லேசாகச் சிரித்தாள். இருவரும் கடைக்குப் போய் ரொட்டியும் வெங்காயமும் வாங்கி வந்தோம்.

சொல்லியிருக்கலாம். கல்யாணத்தைப் பற்றிக்கூடச் சொல்ல வேண்டாம். மனிதக் கருவில் அந்த வரிசைகள் முதல் மாதத்தையொட்டியே நின்று முடிந்துவிடும். கிரகணத்தன்று அவளுக்கு ஐந்து மாதம். அவள் கொல்லைக்கு ஓடியபோது, கெட வேண்டியது கெட்டு மூன்று மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. இந்த இரண்டு வாக்கியங்கள் போதும். அவற்றைச் சொன்னால் அடுத்த கேள்வி வந்துவிடும் என்றுதான் விட்டுவிட்டேன்.

கல்பனா பதின்மூன்று பதினாலு வயதிலிருந்தே அம்மாவிடம் நின்று பேசுவதைக் குறைத்துவிட்டாள். தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் வரும். படிப்பு என்று வேறு ஊர் போனாள், அங்கேயே வேலை, அங்கேயே மார்ட்டின் என்ற பையனோடு கல்யாணம். பிள்ளைகள் கைவிட்டுப் போவதற்கு வெளிநாட்டைப் பழி சொல்வது எங்களைப் போன்றவர்களுக்கு வசதி. நானும் ஊருக்கு எழுதும்போதெல்லாம் அதையே எழுதினேன்.

4

தொண்ணூற்றொன்பதில் எங்கள் ஊரின் மேலேயே முழுக் கிரகணம் வந்தது. நம் கணக்கில் அன்று ஆடி அமாவாசை. இங்கே திருவிழா. ரொட்டிக் கடையில்கூட அட்டைக் கண்ணாடி விற்றார்கள். கல்பனாவும் மார்ட்டினும் அதைப் பார்க்கவே முந்தின நாள் வந்தார்கள். கல்பனாவுக்கு அப்போது ஐந்து மாதம்.

குத்தாலத்தில் வீட்டுக்கே போன் வந்துவிட்ட காலம். அக்கா விடியற்காலையிலேயே கூப்பிட்டாள்.

"டிவில இப்பலேந்தே காட்டுறான். ஒங்க ஊருக்கு மேலதான் முழுசாப் புடிக்குதாமே. கல்பனாவ உள்ளயே வச்சுக்குங்க. தையுகிட்ட சொல்லு, இந்தத் தடவையாச்சும் கேக்கச் சொல்லு."

பகலில் வானம் முழுக்க மேகம். தூறல் வேறு. பன்னிரண்டு மணிக்கு மார்ட்டின் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு செருப்பு மாட்டினான். கல்பனாவும் எழுந்தாள். தையு போய் வாசற்கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள்.

"அம்மா, வெளிய மேகம். சூரியனே தெரியப்போறதில்ல. அப்புறம் என்ன?"

"தெரியலன்னா புடிக்காதா?"

"நகரும்மா."

"என் மேல ஏறிப் போ. நான் செத்தப்புறம் போ."

மார்ட்டின் என்னிடம் தணிந்த குரலில் என்ன நடக்கிறது என்று கேட்டான். பழைய வழக்கம் என்றேன். கல்பனா காலணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். பிறகு தமிழில், அவளுக்கு எப்போதும் தடுக்கும் சொற்கள்கூடத் தடுக்காமல், பேசினாள்.

"அன்னைக்குத் தாம்பாளத்துல பாக்க ஓடுனது நான்தான். நீ என்னைத் தேடித்தான் வந்தே. ஆஸ்பத்திரில பாட்டி சொன்னப்ப நான் அங்கதான் நின்னேன். தம்பிய நான்தான் கொன்னேன்னு நெனச்சுக்கிட்டு வளந்தேம்மா. உன் மொகத்தப் பாக்கவே எனக்குப் பயம். காலேஜ்ல கருவியல் படிக்கிறப்பத்தான் அப்படி இல்லன்னு தெரிஞ்சுது. புத்தகம் சொல்லுச்சு. அப்பா சொல்லல." என் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்கப்பா. தினம் இதத்தானே பாக்கறீங்க. நீங்க சொன்னா அம்மா கேப்பாங்க."

தையு என்னைப் பார்த்தாள். அவள் பார்வையில் கோபம் எதுவும் இல்லை. நான் ஏதோ சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தாள்.

"தூறல் போடுது கல்பனா. சளி புடிச்சுக்கும். இன்னைக்கு வேணாமே" என்றேன்.

இதை எழுத எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. கல்பனா சிரித்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். அம்மாவின் இரண்டு தோளையும் பிடித்து, ஒரு மேசையை நகர்த்துவதுபோல் மெதுவாக நகர்த்தி வைத்துவிட்டு, கதவைத் திறந்துகொண்டு போனாள். மார்ட்டின் அவளுக்குக் குடையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினான்.

தையு கதவோரத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் இருட்டிக்கொண்டு வந்தது. தெருவிளக்குகள் தாமாகவே எரிந்தன. எங்கோ கூட்டமாகக் கத்தினார்கள். அவள் இரண்டு கையாலும் தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். மகள் வயிற்றை அல்ல, தன் வயிற்றை. அதைப் பார்த்தபோதுதான் வாய் திறந்தேன்.

"தையு, அது கிரகணத்தால இல்ல."

அவள் நிமிரவில்லை.

"எலும்பு வரிசை நிக்கிறது மொத மாசத்துலயே முடிஞ்சுடும். நீ முழுகாம இருக்கேன்னு ஒனக்கே தெரியறதுக்கு முன்னாடி. நீ கொல்லைக்கு ஓடுனதுக்கும் அதுக்கும் ஒண்ணும் இல்ல."

"அப்ப எதனால?"

சொன்னேன். எங்கள் அப்பாவிடமோ அம்மாவிடமோ ஒரு பழுது இருந்திருக்கலாம் என்றேன். அது ஒரு பக்கம் எனக்கும், இன்னொரு பக்கம் அக்கா வழியாக அவளுக்கும் வந்து, அந்தப் பிள்ளையிடம் இரண்டும் சேர்ந்திருக்கும் என்றேன். நிச்சயமாகச் சொல்ல முடியாது, சோதித்துப் பார்க்க இனி எதுவும் மிச்சமில்லை, ஆனால் அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்றேன்.

"கல்பனா நல்லாத்தான பொறந்தா?"

"எல்லாப் பிள்ளைக்கும் வராது. நாலுல ஒண்ணுக்குத்தான். கல்பனா பிள்ளைக்கு பயம் இல்ல. மார்ட்டின் வேற ரத்தம்."

வெளிச்சம் திரும்பி வந்தது. விளக்குகள் அணைந்தன. தையு தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்பலேந்து தெரியும்?"

"ஆஸ்பத்திரிலயே சந்தேகம். டாக்டர் கேட்டாரு. இங்க வந்தப்புறம் தெரியும்."

"அந்த மீனக் காட்டுனீங்களே, அன்னைக்கு?"

"தெரியும்."

"சிரிச்சீங்களே மாமா."

அதற்குமேல் அவள் என்னை எதுவும் கேட்கவில்லை. அன்றும் இல்லை, பிறகும் இல்லை. எழுந்துபோய்த் தலைக்குக் குளித்தாள். ஈரத்தலையோடு வாழைக்காயை நறுக்க ஆரம்பித்தாள், அமாவாசைச் சமையல் என்று. கல்பனா நனைந்துபோய் உள்ளே வந்தபோது கத்தியைக் கீழே வைத்துவிட்டு, அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"ஒன்னால இல்லடி. என்னாலயும் இல்லயாம்" என்றாள்.

இருவரும் சமையலறையில் கட்டிக்கொண்டு அழுதார்கள். அந்த 'யாம்' எனக்கானது. நான் கூடத்தில் மார்ட்டினோடு உட்கார்ந்திருந்தேன். மேகத்தால் ஒன்றுமே தெரியவில்லை, ஆனால் பறவைகள் சட்டென்று அடங்கிப்போனது ஆச்சரியமாக இருந்தது என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான்.

5

மார்கழியில் கல்பனாவுக்குப் பெண் பிறந்தது. முதுகு நேராக, கழுத்து நீளமாக, ஒரு குறையுமில்லாமல். தையு இரண்டு மாதம் அங்கேயே தங்கி மருந்து அரைத்துக் கொடுத்தாள். அம்மாவும் மகளும் பேசாமல் விட்ட வருடங்களை எல்லாம் பேசித் தீர்த்தார்கள். நான் சனி ஞாயிறுகளில் ரயிலேறிப் போய் வருவேன். அவர்கள் பேச்சு நான் உள்ளே வந்ததும் நின்றுவிடாது. ஆனால் என்னை நோக்கியும் வராது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருந்தபோது குத்தாலத்துக்குப் போன் போட்டோம். டயல் செய்வதற்கு முன் தையு சொன்னாள்:

"அம்மாகிட்ட அத மட்டும் சொல்லிடாதீங்க. நம்ம ரெண்டு பேரையும் சேத்து வச்சதத்தான் அவங்க பெரிய காரியமா நெனச்சுக்கிட்டு இருக்காங்க. இந்த வயசுல அதப் புடுங்கிடாதீங்க. அவங்க என்ன சொன்னாலும் ஆமான்னுடுங்க."

"அப்ப உன்மேலதானே பழி நிக்கும்?"

"நிக்கட்டும். எனக்குத் தெரியும்ல."

முதலில் அவள் பேசினாள். "ஆமாம்மா. வெளியவே விடல. நானே கதவுல சாஞ்சு நின்னுக்கிட்டேன்" என்றாள். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. பிறகு ரிசீவரை என்னிடம் கொடுத்தாள். கல்பனா குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு ஜன்னலோரம் நின்றாள்.

"பாத்தியா தம்பி?" அக்காவுக்குக் காது மந்தம், அதனால் கத்திப் பேசினாள். அறை முழுக்கக் கேட்டது. "நீ படிச்சவன், சிரிப்ப. இப்பவாச்சும் நம்புறியா?"

"நம்புறேன் அக்கா."

உடனே அவள் குரல் உடைந்தது.

"அன்னைக்கும் இவ இதே மாதிரி கேட்டிருந்தா, எங்கப்பனும் பொழச்சுக் கெடந்திருப்பான்ல?"

தையு என் பக்கத்தில்தான் நின்றாள். என்னைப் பார்த்துத் தலையசைத்தாள்.

"ஆமாக்கா" என்றேன்.